தலைக்குக் குளித்த பறை

போன ஞாயிற்றுக்கிழமை ஹைதராபாத் கச்சிபௌலியில், ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் கிளப் ஹவுஸில், என் அப்பாவின் பறை வாயைத் திறக்க மறுத்துவிட்டது.

அது என்ன செய்யும் பாவம்? வெளியே விடாத மழை. உள்ளே ஏசி. தோல் தொய்ந்து, தலையணையைத் தட்டுகிற சத்தம்தான் வந்தது.

குழந்தைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் நாட்டுப்புறப் பாட்டு கட்டிப் பாடுகிறவள் நான் என்பது உங்களுக்குத் தெரியும். இதுவரை சலங்கையும் கைத்தட்டலும்தான் துணை. இந்த முறை அப்பா வந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அவர் சனத்நகரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். லீவு நாளில் பறை அடிக்கப் போவார் — சாவு வீட்டுக்கு மட்டும். வேறு எதற்கும் யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை.

“சின்னப் பசங்க நடுவுல இது எதுக்கு கண்ணு? நக்கோ, வேணாம். நம்ம வூட்டுல பள்ளிக்கூடம் போன மொத ஆளு நீ. மைக்கைப் புடிச்சுப் பாடு, போதும்” என்றார்.

படித்ததால்தானே கேட்கிறேன்... இவ்வளவு நல்ல வாத்தியம் அழுகிற வீட்டுக்கு மட்டும் ஏன் போக வேண்டும்?

ஒருவழியாக வந்தார். வந்த இடத்தில் இப்படி.

நெருப்பில் காய்ச்சினால் பறையின் தோல் விறைக்கும். அப்பா வழக்கம்போலப் பழைய பேப்பரோடு பார்க்கிங்குக்குப் போனார். தீக்குச்சியை உரசுவதற்குள் செக்யூரிட்டி ஓடி வந்தார். “ஆக் நக்கோ சாச்சா. அலாரம் பஜேகா.” நெருப்பு கூடாதாம், அலாரம் அடித்துவிடுமாம்.

அப்பா முகத்தில் ஒரு நிம்மதி. உள்ளே வந்து பறையைப் பையில் போடத் தொடங்கினார். “பாத்தியா, அதுக்கே புடிக்கல. நான் பஸ்ஸைப் புடிக்கறேன்.”

இன்று திரும்பிப் போனால் இனி வரவே மாட்டார்.

முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா எட்டிப் பார்த்தார். “சூடுதானே வேணும் அங்கிள்? ஹேர் டிரையர் ஓகேவா?”

குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி பறந்தது. லிஃப்ட் திறக்கத் திறக்க ஹேர் டிரையர்கள் இறங்கி வந்தன. அப்பா பறையைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டார். சுற்றி அம்மாக்கள், வளைத்து வளைத்துச் சூடு காட்டினார்கள்.

ஒரு வாண்டு அப்பாவின் முட்டியைப் பிடித்து இழுத்தாள். “தாத்தா, டிரம்கி தலஸ்நானம் செய்யிஞ்சாரா?” பறையைத் தலைக்குக் குளிப்பாட்டினாரா என்று தெலுங்கில் விசாரணை.

அப்பா அவள் உயரத்துக்குக் குனிந்தார். “ஹவ் கண்ணு, ஆமா. ஈரத்தோட உட்டா சளி புடிக்கும்ல?”

தயாரித்துக் கொண்டுவந்த பாட்டை ஓரங்கட்டினேன்.

“தலைக்குக் குளிச்சான் பறையண்ணன்,
தலையும் காயலை, தும்முறான்...”

நின்ற இடத்திலேயே கட்டியது. ஒவ்வோர் அடி முடிவிலும் குழந்தைகள் பறையைப் பார்த்து ‘உஃப்’ என்று ஊத வேண்டும். ஊதினார்கள். அப்பா குச்சியை இறக்கினார் — கணீர்.

அப்புறம் யார் உட்கார்ந்தார்கள்? வாசலில் போனில் பேசிக்கொண்டிருந்த அப்பாக்கள்கூட உள்ளே வந்து ஆடினார்கள். சாவு வீட்டில் என் அப்பா எப்போதும் அடிக்கிற அதே அடிதான். இந்த முறை ஆடியவர்களில் பாதிப் பேருக்குப் பால் பல்.

பாட்டு எங்கிருந்து பிறக்கிறது என்று கேட்டு எனக்கு எழுதுகிறீர்கள். சில சமயம், பிளக் பாயிண்ட்டிலிருந்து.

நேற்று வேலை முடிந்து வந்த அப்பா, புத்தம்புது ஹேர் டிரையர் ஒன்றைப் பறைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார்.

அப்பாவுக்கு முழு வழுக்கை.