பக்கத்துக் கட்டிலுக்கு ஓர் உருண்டை

எனக்கு அப்போது ஏழு வயது. இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிய வலது காலுக்கு அறுவை சிகிச்சை முடிந்து, உடம்பு தேறுவதற்காகக் கொல்கத்தாவின் ஓரத்தில் இருந்த குழந்தைகள் இல்லம் ஒன்றில் என்னைச் சேர்த்திருந்தார்கள். இடுப்புவரை மாவுக்கட்டு. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை, வீடு காளிகாட்டில். பெற்றோர் வந்து பார்க்க ஞாயிற்றுக்கிழமை நாலு மணி முதல் ஆறு மணி வரைதான் அனுமதி. அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் வாரம் முழுக்கப் படுத்துக் கிடந்தேன்.

அம்மா இரண்டு பஸ் மாறி, தயிர் சாதம் கட்டிக்கொண்டு வருவாள். அதில் பங்கு கேட்கப் பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி இருந்தாள். கேட்டாள் என்று சொன்னால் பொய். பார்ப்பாள், அவ்வளவுதான். என் வயதுப் பெங்காலிப் பெண், இரண்டு காலிலும் கட்டு. அவளைப் பார்க்க யாரும் வருவதில்லை. அம்மாவுக்கு அது போதாதா? எனக்கு நாலு உருண்டை, அவளுக்கு ஒன்று என்று தொடங்கியது ஒரே மாதத்தில் சரிபாதி ஆனது. பிறகு தலை பின்னல். எனக்கு அவசரமாக ஒற்றைப் பின்னல், அவளுக்கு நிதானமாக இரட்டை. பெங்காலியில் சித்தி என்பதுபோல "மாஷிமா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் ஒரு ஞாயிறு "அம்மா" என்றாள். வார்டில் மற்ற எல்லோருக்கும் பெங்காலி 'மா' இருந்தாள். அம்மா எனக்கு மட்டும்தான் இருந்தாள். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவாள் என்று அப்பா யாரையோ சொல்வார். அது இவளேதான் என்று முடிவு கட்டினேன்.

இந்த ஊரில் எங்களுக்கு ஒரு வசதி உண்டு. பஸ்ஸிலும் கடையிலும் யாரைப் பற்றியும் முகத்துக்கு நேரே தமிழில் பேசிக்கொள்ளலாம். ஒரு மழை நாளில் அம்மா வந்து சேரவே ஐந்து மணி ஆகிவிட்டது. வந்தவள் முதல் உருண்டையை அவள் கையில் வைத்தாள். நான் சிரித்த முகத்தோடேயே சொன்னேன்.

"அவங்கம்மாவுக்கே அவ வேணாம். நீ எதுக்கும்மா அவளைக் கொஞ்சுற?"

பக்கத்துக் கட்டில்காரி தன் கையிலிருந்த உருண்டையைப் பாத்திரத்திலேயே திருப்பி வைத்தாள்.

"போதும்மா."

தமிழில்தான் சொன்னாள். ஞாயிறுதோறும் நான் சொல்லும் அதே இழுப்போடு. பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். முக்காலியை அவள் கட்டிலருகே இழுத்துப் போட்டு, ஆறு மணி அடிக்கும்வரை அவள் தலையில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். என்னுடைய அந்த ஒரு மணி நேரமும் அவளுக்கே போயிற்று. சொன்னதற்காக வெட்கப்பட வேண்டியவள் நான். எனக்கோ பற்றிக்கொண்டு எரிந்தது.

இப்போது கொல்கத்தாவிலேயே, சால்ட் லேக்கில் அம்மா என்னோடு இருக்கிறாள். தயிர் சாதம் பிசையும்போதெல்லாம், "அந்தப் பொண்ணு நடந்தாளோ என்னவோ" என்பாள், காலில் இரும்புக் காலிப்பர் போட்டு நடந்து வரும் என்னைப் பார்த்துக்கொண்டே. இந்த வயதிலும் எனக்கு வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் அம்மா தட்டில் இன்னும் ஒரு கை வைக்கும்போது "போதும்மா" என்று மட்டும் சொல்ல வருவதில்லை. வைத்ததையெல்லாம் சாப்பிட்டுவிடுகிறேன்.