என் மகள் வாசிக்காமல் சொன்ன வசனம்

நாலாம் வகுப்பு முடிந்தபோது என் மகள் ஜெனிட்டாவுக்குத் தன் பெயரைத் தவிர எதையும் தப்பில்லாமல் எழுதத் தெரியாது. இதைச் சொல்ல இன்றைக்கும் எனக்கு நாக்கு கூசுகிறது. ஆனாலும் ஆண்டவர் எங்களுக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமானால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்களுக்கு ஊர் நாங்குநேரிப் பக்கம். பிழைப்புக்காகத் திருவனந்தபுரம் வந்தவர்கள். என் வீட்டுக்காரர் ஃப்ளாட்டுகளில் டைல்ஸ் ஒட்டுகிறார். நான் கழக்கூட்டம் என்கிற இடத்தில், கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பெண்கள் தங்கும் ஒரு ஹாஸ்டலில் சமையல். எனக்கு எதிலும் அவசரம். சாம்பார் கொதிப்பதற்குள் பாத்திரம் பாதி கழுவியிருப்பேன். எனக்குப் போய் இப்படி ஒரு பிள்ளையா என்று ஆண்டவரிடமே சண்டை போட்டிருக்கிறேன்.

அவள் படிப்பது மலையாளப் பள்ளிக்கூடம். டீச்சர் நல்லவர்தான். என்னைக் கூப்பிட்டு, "வீட்டில தமிழ் பறையண்டா. ரெண்டு பாஷையும் கேட்டு மோளுக்கு எல்லாம் குழம்பிப் போகுது" என்றார். வீட்டில் தமிழ் பேசக் கூடாதாம். எங்கள் தமிழ்ச் சபையில் கேட்டால் நேர் எதிராகச் சொன்னார்கள். மலையாளத்தில் சேர்த்ததுதான் தப்பாம், தாய்பாஷையில் போட்டிருந்தால் கடகடவென்று வாசித்திருப்பாளாம். தமிழர்கள் தமிழைக் காப்பாற்றினார்கள், மலையாளிகள் மலையாளத்தைக் காப்பாற்றினார்கள். நடுவில் மாட்டிக்கொண்டது என் பிள்ளை.

டீச்சர் பேச்சைக் கேட்டு, வீட்டில் இனி தமிழ் கிடையாது என்று சட்டம் போட்டேன். என் வீட்டுக்காரர் வேலை முடிந்து சிமெண்ட் கையோடு வந்து மலையாளத்தில் தண்ணீர் கேட்பார். குடும்ப ஜெபத்தில் மலையாளத்தில் தொடங்குவார், பாதியில் சொல் கிடைக்காமல் நின்றுவிடுவார். ஜெனிட்டா பெரிய வாயாடி. அவள் பேசுவதையே விட்டுவிட்டாள். பசித்தால்கூடத் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவாள். எழுத்தும் வரவில்லை, இருந்த பேச்சும் போனது. நான் பயந்துபோய்ச் சட்டத்தைத் தூக்கிப் போட்டேன்.

அந்த நேரத்தில்தான் ஊரிலிருந்து அத்தான் போன் பண்ணினார். அத்தான் என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன். ஊர்ப்பக்கம் ஒரு ஹாஸ்டலில் அவளுக்கு இடம் கேட்டு வைத்துவிட்டாராம், தமிழ்ப் பள்ளிக்கூடமாம். "மே மாசக் கடைசி சனிக்கிழமை நானே வந்து கூட்டிட்டுப் போறேன். துணிமணி எடுத்து வை" என்றார். கெட்ட எண்ணமில்லை, பாசத்தில்தான் சொன்னார். என் வீட்டுக்காரரோ அண்ணன் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லாதவர். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. புதுப் பெட்டி ஒன்று மட்டும் வாங்கி வந்து கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

அந்தப் பெட்டி வந்த நாளிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஹாஸ்டலில் குழம்புக்கு உப்பு போட்டேனா என்று தெரியாமல் இரண்டாம் தடவை போட்டுவிடுவேன். பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே வருவேன். முழங்கால்போட்டு ஜெபிக்கவும் பொறுமையில்லை. மாவு ஆட்டும்போதும் காய் நறுக்கும்போதும் அதே வார்த்தைதான். ஆண்டவரே, அந்தச் சனிக்கிழமைக்குள் என் பிள்ளைக்கு வாசிப்பைக் கொடுத்துவிடும், அவளை என்னைவிட்டு அனுப்பிவிடாதேயும். ஒரு ராத்திரியில் எழுத்தெல்லாம் அவளுக்கு விளங்கிவிடும் என்று நிஜமாகவே நம்பினேன். காலையில் எழுந்ததும் பால் பாக்கெட்டைக் காட்டி வாசி என்பேன். அவள் என் முகத்தைத்தான் வாசிப்பாள்.

எங்கள் பகுதி விசுவாசிகள் புதன்கிழமை சாயங்காலம் ஒவ்வொருவர் வீட்டிலும் முறைவைத்து ஜெபத்துக்குக் கூடுவோம். பைபிளில் எந்த அதிகாரம் என்று ஞாயிறே சொல்லிவிடுவார்கள். வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு வசனம் வாசிப்போம். பெரியவர், சிறியவர் என்ற பேதமில்லை. யாராவது தடுமாறினால், நேரமாகிறதே என்று அடுத்தவர் வாசித்துவிடுவார். அதிகமும் அந்த அடுத்தவர் நான்தான்.

இதில் ஒரு விஷயம் என்னைக் குழப்பியது. பள்ளிக்கூடத்தில் ஒரு வரி வாசிக்காதவள் ஜெபக்கூட்டத்தில் மட்டும் தன் வசனத்தைப் பிசகில்லாமல் வாசித்துவிடுவாள். தமிழ் எழுத்து ஞாயிறு பள்ளியில் கற்றுக்கொடுத்ததுதான். பார்த்தீர்களா, தமிழ் வருகிறது, தமிழில் போட்டால் எல்லாம் சரியாகும் என்று சபையார் சொன்னதற்கும், அத்தான் ஹாஸ்டல் பார்த்ததற்கும் அதுவே காரணம்.

சனிக்கிழமைக்கு முந்தின புதன்கிழமை ஜெபம் எங்கள் வீட்டில். ஜெபம் நடத்தும் அண்ணாச்சி, மனதில் வேறொரு பாரம் இருக்கிறது என்று சொல்லி, கடைசி நேரத்தில் அதிகாரத்தை மாற்றிவிட்டார். வட்டம் சுற்றி வந்தது. ஜெனிட்டா முறை வந்தபோது அவள் விரலை வரிமேல் நகர்த்திக்கொண்டே, தெளிவாக, ராகம்போல் ஒரு வசனத்தைச் சொன்னாள். அது அந்த அதிகாரத்தில் இல்லவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சொன்ன பழைய அதிகாரத்தின் வசனம்.

இரண்டு பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவள் விரல் மட்டும் இன்னும் வரிமேல் ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் இருந்த எங்கள் சபை செலின் அக்கா அவள் கையைப் பிடித்து, "அந்த அதிகாரத்துல மிச்சமும் தெரியுமா மக்களே?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். முதல் வசனத்திலிருந்து கடைசிவரை சொல்லி முடித்தாள். அந்தந்த வாரத்து அதிகாரத்தை அவள் அப்பா தினமும் வேலைக்குப் போகுமுன் சத்தமாக வாசிப்பார். எந்த வசனம் தன் தலையில் விழும் என்று தெரியாததால் முழுவதையும் காதாலேயே பிடித்து வைத்துக்கொள்வாளாம். "இன்னொருக்கா வாசிங்கப்பா" என்று அவள் கேட்டதையெல்லாம் நாங்கள் பக்தி என்று நினைத்துப் பூரித்துப் போயிருந்தோம்.

செலின் அக்கா என்னை அடுப்பங்கரைக்குள் கூட்டிப் போனார். தன் மூத்த மகனும் இப்படித்தான் இருந்தான் என்றார். "இது பாஷைக் குத்தமில்ல, புத்திக் குத்தமும் இல்ல. டெஸ்ட் எடுத்துப் பார்க்க இடமிருக்கு. நானே கூட வாரேன்" என்றார். மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெயர் கொடுத்தோம். நாள் குறித்துக் கொடுத்தது அடுத்த மாதத்தில். சனிக்கிழமையோ நாளை மறுநாள்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் பெட்டியை வெளியே இழுத்தார். அதைத் திறந்து, என் தையல் துணிகளை எடுத்து அதற்குள் வைத்தார். பிறகு அண்ணனுக்குப் போன் போட்டார். "அவ காதாலதான் படிக்கா அண்ணே. நான் வாசிச்சுக் காட்டலைன்னா அங்க அவளுக்கு யாரு வாசிப்பா? நீங்க வர வேண்டாம்" என்றார். அண்ணனிடம் அவர் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் கேட்ட ஜெபத்துக்குப் பதில் வந்துவிட்டது. கேட்ட விதத்தில் வரவில்லை, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் இரண்டு பாஷையிலும் வாசிக்க வைத்துப் பார்த்தார்கள். "ரெண்டிலும் ஒரே மாதிரிதான் தடுமாறுது. தமிழ் நிறுத்தண்டா. மோள் மிடுக்கிதான். எழுத்தும் சத்தமும் சேர்றதுக்கு மட்டும் நேரம் எடுக்கும், வேற வழியில படிப்பிக்கணும்" என்று டாக்டர் சொன்னார். தமிழை நிறுத்த வேண்டாமாம். மிடுக்கி என்றால் கெட்டிக்காரி. அந்த ஒரு சொல்லுக்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன்.

இப்போது தனியாகப் பாடம் சொல்லித்தர ஒரு டீச்சர் இருக்கிறார். வீட்டில் தாம்பாளத்தில் ரவையைப் பரப்பிக் கொடுப்பேன். சத்தத்தைச் சொல்லிக்கொண்டே அவள் விரலால் எழுதுவாள். பரீட்சையில் கேள்வியை வாசித்துக் காட்டுகிறார்கள், கூடுதல் நேரம் தருகிறார்கள். இன்னும் மெதுவாகத்தான் வாசிக்கிறாள். எழுத்து இன்னும் அவளை ஏமாற்றுகிறது. அவள் ஒரு வார்த்தையோடு மல்லுக்கட்டும்போது எனக்கு இன்னும் கால் ஆடும், வாய் துறுதுறுக்கும். முந்தானையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

போன மாதம் ஜெபம் மறுபடி எங்கள் வீட்டில். அத்தானும் வந்திருந்தார். ஜெனிட்டா முறை வந்தது. அண்ணாச்சி முன்பே சொல்லிவிட்டார், யாரும் அவசரப்படுத்தக் கூடாது என்று. விரலை வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி, ஒரு சின்ன வசனத்தை அவள் தானே வாசித்தாள். நிஜமாகவே வாசித்தாள். முடித்தபின் வட்டம் அப்படியே நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அடுத்த வசனம் என்னுடையது.

எனக்கு ஒரு எழுத்தும் தெரியவில்லை. கண் நிறைந்து வரியெல்லாம் கலங்கி நெளிந்தது. நேரமாகிக்கொண்டே இருந்தது. அப்போது அவள் என் காதருகே சாய்ந்து, என் வசனத்தைத் துண்டுதுண்டாகச் சொல்லிக் கொடுத்தாள். நான் பின்னாலேயே சொன்னேன். அவ்வளவு பொறுமையாக யாரும் எனக்காகக் காத்திருந்ததில்லை.

அதிகாரம் மாறிய அந்தப் புதன்கிழமைக்காக ஆண்டவருக்குக் கோடி ஸ்தோத்திரம். உங்கள் வீட்டிலும் எழுத்தோடு போராடுகிற பிள்ளை இருந்தால், சோம்பேறி என்று முடிவு கட்டாதீர்கள், கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். விடாமல் ஜெபியுங்கள். ஆண்டவர் கொஞ்சம் தாமதிக்கிறார் என்று தோன்றினால், என்னைப்போல அவசரப்பட்டு அடுத்த வசனத்தை வாசித்துவிடாதீர்கள்.