செல்லத்துரையண்ணரின் கொம்பியூட்டர் விலாசம்

விடியவே கிண்ணியாவிலிருந்து ரகீம் நானா போன் எடுத்தார். "நம்மட செல்லத்துரை போயிட்டான் தம்பி" என்று விம்மினார். ஒரு இலக்கத்துக்காக நடுறோட்டில் சண்டை பிடித்தவர்கள் இந்த இருவரும்.

போர்க்காலத்தில் துறைமுகப் பக்கம் அண்ணர் வைத்திருந்த இன்டர்நெட் கடை உங்களில் பலருக்கு ஞாபகமிருக்கும். வாசலில் வாகை மரம், மரம் நிறையக் காகம். வெள்ளைச் சேட்டுப் போட்டவர் எவரும் அங்கே நிற்பதில்லை. அதை விடுங்கள். நான் இலங்கைத்துறையிலிருந்து வந்து, வெளிநாட்டுக்குத் தப்பிப்போன என் மகனோடு கதைப்பது அந்தக் கடையில்தான். சோதனைச் சாவடியில் அவனைப் பற்றிக் கேட்டால், "தெரியாது ஐயா" என்பேன். கதைப்பது தெரிந்தால் என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஒருநாள் கடைக்கு வந்த ஒருவர், "அண்ணை, கொம்பியூட்டருக்கும் ஐபி எண்டு ஒரு விலாசம் இருக்கு. அதை வைச்சு உங்கட கடையைக் கண்டுபிடிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணருக்குச் சோறு இறங்கவில்லை. எல்லோரையும் வெளியே விட்டுக் கதவைச் சாத்தி, கறுப்புத் திரையில் ஏதோ தட்டி இலக்கத்தைக் கண்டுபிடித்தார். 192.168.1.2. "மனிசிக்கும் சொல்லேல்லை, உனக்கு மட்டும் சொல்லுறன்" என்றார். அப்படியே இன்னும் பலருக்கும் சொன்னார்.

அடுத்த கிழமை, அதே றோட்டில் இன்டர்நெட் கடை வைத்திருந்த ரகீம் நானாவின் கொம்பியூட்டரிலும் அதே இலக்கம்!

"என்ட விலாசத்தைக் களவெடுத்துப் போட்டியே நானா!"

"உன்ட விலாசமா? இது என்ட மெசினுக்குள்ள இருந்து வந்தது!"

தூணில் ஏறி டெலிபோன் வயர் திருத்திக்கொண்டிருந்தவர் மேலேயிருந்து சிரித்தார். "அது வீட்டுக்குள்ள கூப்பிடுற பேர் அண்ணை. எல்லா வீட்டிலயும் ஒரு 'தம்பி' இருக்கிறான்தானே? வெளியில தெரியிறது வேற இலக்கம், கொம்பனி குடுக்கிறது. ரவுட்டரை நிப்பாட்டிப் போட்டால் அநேகமா மாறும்."

அன்றிலிருந்து ஒவ்வொரு அழைப்புக்கு முன்னும் அண்ணர் ரவுட்டரை நிற்பாட்டுவார். "நாங்கள் எத்தினை தரம் இடம்பெயர்ந்தம்? இதுவும் ஒருக்கால் பெயரட்டும்." றோட்டில் ஆமி ட்ரக் வந்தால் கதையின் நடுவிலும் ரவுட்டர் வயரைப் பிடுங்குவார். மகன், "அப்பா, பிள்ளை பிறந்திட்டுது" என்ற அந்த நிமிஷமும் பிடுங்கினார்.

"ஆம்பிளையோ பொம்பிளையோ அண்ணை?" என்று கத்தினேன்.

"பிறந்தது திரும்பிப் போகாது. இரு!"

ரவுட்டரில் பச்சை லைட் வரும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். வந்ததும், "இப்பக் கதை" என்றார் அண்ணர். பொம்பிளைப் பிள்ளை.

எந்த இலக்கம் எந்தக் கடைக்குப் போனது என்று கொம்பனியிடம் பதிவு இருக்குமென்று அந்த வயர்க்காரர் பிறகு என்னிடமும் நானாவிடமும் சொன்னார். நாங்கள் அதை அண்ணருக்குச் சொல்லவேயில்லை.

அந்தப் பேத்தி இப்போது எனக்குப் போன் எடுக்கிறாள். அவள் எடுக்கிற நேரத்துக்கு முன்னால் ரவுட்டரை நிற்பாட்டிப் போடுகிறேன். பச்சை லைட் வந்ததும், "இப்பக் கதை" என்று அண்ணர் சொன்னதையும் நானே சொல்லிக்கொள்கிறேன்.