பாஷாவின் இருமல்

பணி ஓய்வுக்குப் பிறகு பொம்மனஹள்ளியில் ஒரு மரப் பட்டறை தொடங்கினேன். இழைப்பு இயந்திரம் ஒன்றுக்குப் போதுமான அளவில், தூசி உறிஞ்சும் இயந்திரம் வாங்கினேன். பின்னால் வந்த ரம்பத்தையும் தேய்ப்பு இயந்திரத்தையும் அதே குழாயில் இணைத்துவிட்டேன். மூன்றுக்கும் அதன் உறிஞ்சும் திறன் போதுமா என்று பொறியியல் படித்த நான் கணக்குப் போடவில்லை. அதன் பை நிறைய மரச்சுருள் சேர்ந்ததைப் பார்த்து, தூசியெல்லாம் அதில்தான் போகிறது என்று நம்பினேன்.

எங்கள் தச்சர் பாஷா இருமத் தொடங்கினார்.

"பெங்களூர் குளிர் பாய். கஷாயம் குடிங்க" என்றேன். இந்த ஊரில் எந்த இருமலுக்கும் குளிர்மேல் பழி போட்டுவிடலாம்.

ரம்ஜானுக்குச் சொந்த ஊரான ஆம்பூர் போனவர் போன் செய்தார். "சார், இங்க வந்ததுலேர்ந்து இருமலே இல்ல. நம்ம பட்டறைதான் எனக்கு ஆகல போல."

திரும்பியதும் மருத்துவரிடம் அழைத்துப்போனேன். எக்ஸ்ரே வரும்வரை என்னால் உட்கார முடியவில்லை.

"நுரையீரல் நல்லாருக்கு. ஆனா அந்தத் தூசியில இனி நிக்கக் கூடாது" என்றார் மருத்துவர்.

பட்டறையைச் சில நாள் மூடினேன். ஒன்றாக ஓடும் இயந்திரங்களையும் குழாயின் நீளத்தையும் கணக்கிட்டு, மெல்லிய தூசியையும் பிடிக்கும் பெரிய இயந்திரம் வாங்கினேன். அதை ஓடவிட்டு, பாஷாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"விடுங்க சார். இந்தச் சத்தத்துல நீங்க திட்டுனாலும் இனி காதுல விழாது."

இப்போதெல்லாம் மாலையில் இயந்திரத்தை நிறுத்தியதும் சற்று நின்று காது கொடுக்கிறேன். பாஷா சட்டை மாற்றிக்கொண்டு ஏதோ முணுமுணுப்பார். இருமல் வராது. அதன் பிறகே கதவைப் பூட்டுகிறேன்.