ஹெல்மெட்டுக்குள் கொஞ்ச நேரம்

எழுதிப் பழக்கமில்லாதவன் நான். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே யோசிக்கிற ஒருவன் அச்சில் பேச வருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். பேசியிருக்க வேண்டிய அன்று நான் பேசவில்லை. அதனால்தான் இங்கே வந்து நிற்கிறேன்.

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கேஸ் ஏஜென்சியில் கவுன்டரில் உட்காருகிறேன். புது வீடுகள் வர வர எங்களிடம் கூட்டமும் கூடிக்கொண்டே போனது. சிலிண்டர் வரவில்லை என்றால் அதைக் கொண்டுவந்து போடும் டெலிவரி ஆளை யாரும் திட்டுவதில்லை. அவர் தயவு அடுத்த மாதமும் வேண்டும். திட்டெல்லாம் கவுன்டருக்குத்தான். "வீட்டுல விருந்தாளி வந்து உக்காந்திருக்காக, அடுப்புல உன் தலையவா வைக்கிறது?" என்று ஒரு அம்மா கேட்டார். நான் குனிந்து பில் புத்தகத்தைப் புரட்டினேன்.

கவுன்டரில் இரண்டு நாற்காலிகள். இன்னொன்றில் என் நண்பன். ஒரே சமயத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாங்கள். உறவு கிடையாது. ஆனாலும் ஒருவரை ஒருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். என் முன்னால் யாராவது சத்தம் போட்டால், "அண்ணே, இங்கிட்டு வாங்க, நான் பாக்குறேன்" என்று தன் பக்கம் இழுத்துக்கொள்வான். எத்தனையோ நாள் என்னைக் காப்பாற்றியிருக்கிறான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் குடோன் அழகர்கோவில் சாலையில், வயல்களுக்கு நடுவே இருக்கிறது. அங்கே இருந்த பெரியவர் கண் ஆபரேஷனுக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டார். குடோனுக்குப் பொதுமக்கள் வரமாட்டார்கள். லாரி வந்தால் எண்ணி இறக்க வேண்டும், வண்டி வந்தால் எண்ணி ஏற்ற வேண்டும். அந்த இடம் எனக்குக் கிடைக்காதா என்று ஏங்கினேன். அந்த ஆசையைப் பக்கத்து நாற்காலிக்காரனிடம் மட்டும்தான் சொன்னேன்.

முதலாளியின் மருமகள் படித்தவர், நல்ல மாதிரி. ஒருநாள் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "கவுன்டர்ல இருந்து ஒருத்தரைக் குடோனுக்கு அனுப்பணும்ணே. இங்க யாருக்கு ரொம்ப முடியலையோ அவங்களையே அனுப்பலாம்னு மாமாகிட்ட சொல்லியிருக்கேன். மனஅழுத்தத்தை எப்படிச் சமாளிக்கிறீங்கன்னு கொஞ்சம் கேள்வி போன்ல வரும். ஒளிக்காமச் சொல்லுங்க."

என்னுடையது பட்டன் போன். அதில் அந்தக் கேள்விகள் திறக்காது. "நீ சொல்லு மாப்ள, என் போன்ல நான் தட்டுறேன்" என்றான் நண்பன். சாப்பாட்டு நேரத்தில் ஆபீசுக்குப் பின்னால், வண்டிகள் நிற்கும் இடத்தில் உட்கார்ந்தோம்.

அவன் எழுத்துக்கூட்டுவது போல் மெதுவாகப் படித்தான். "வேலைக்குக் கிளம்பும்போதே மனம் பாரமாக இருக்கிறதா? ஒருபோதும் இல்லை, எப்போதாவது, சில சமயம், அடிக்கடி, எப்போதும்."

"அடிக்கடி."

"எப்போதும்னு போட்ருவமா?"

"ஞாயித்துக்கிழமை இல்லையே மாப்ள."

சிரித்தான். அடுத்தது, யாராவது கோபமாகப் பேசினால் அதைச் சீக்கிரம் மறக்க முடிகிறதா என்று.

"எங்கிட்டு மறக்க? சோறு திங்கிறப்பவும் அந்தப் பேச்சுத்தான் கேக்குது. வீட்டுல ஏதாவது கேட்டாக்கூட காதுல விழுகுறதில்ல."

"அம்புட்டையும் இதுல போட முடியாது. அஞ்சுல ஒண்ணைச் சொல்லு."

"ஒருபோதும் இல்லைன்னு போடு."

மனம் விட்டுப் பேச ஆள் இருக்கிறதா என்று ஒரு கேள்வி. "அதான் நீ இருக்கியே" என்றேன். தலை நிமிராமல் தட்டினான்.

கடைசிக் கேள்விக்குச் சொந்தமாக எழுத வேண்டும். மிகவும் முடியாமல் போகும்போது என்ன செய்வீர்கள்? எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் கேட்பவன் அவன் என்பதால் சொன்னேன். சாயங்காலம் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வண்டியை எடுக்காமல் அதன்மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். உள்ளே என் மூச்சு மட்டும்தான் கேட்கும். முகத்தை யாரும் பார்க்க முடியாது. அழுகை வந்தால் அதற்குள்ளேயே முடிந்துவிடும். அப்புறம் வீட்டுக்குப் போவேன்.

"அதுக்கா மாப்ள? நீ போலீஸ் செக்கிங்குக்குப் பயந்துல்ல மாட்டிக்கிறன்னு நெனச்சேன்" என்றான். பிறகு ரொம்ப நேரம் தட்டிக்கொண்டிருந்தான்.

மறுவாரம் மதுரையிலிருந்து பயிற்சி கொடுக்கும் ஒரு பெண் வந்தார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எல்லோரும் உட்கார்ந்தோம். டெலிவரி ஆட்களும் வந்திருந்தார்கள். இந்த ஆபீசில் மனஅழுத்தத்தை மிக நன்றாகச் சமாளிக்கிறவர் என்று அவர் என் பெயரைச் சொன்னார். எதுவும் தன்னைப் பாதிப்பதில்லை, எல்லாம் பழகிவிட்டது என்று நான் எழுதியிருக்கிறேனாம். கை தட்டினார்கள். முதலாளி எனக்கு ஒரு சால்வை போர்த்தினார். ஏதோ தவறு நடந்திருக்கிறது என்றுதான் அப்போதுகூட நினைத்தேன்.

"இன்னொருத்தர் எழுதினதைப் பேர் சொல்லாம வாசிக்கிறேன்" என்றார் அந்தப் பெண். ஹெல்மெட், மூச்சுச் சத்தம், அதற்குள்ளேயே முடிந்துவிடும் அழுகை. நான் சொன்ன வார்த்தைகளேதான். ஒன்றைக்கூட அவன் விடவில்லை.

பேர் சொல்லவில்லையே தவிர, பதில்களை முன்பே பார்த்திருந்த முதலாளியின் மருமகள் எழுந்து என் நண்பன் பக்கத்தில் போய் நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "இத்தனை வருஷம் எங்களுக்குத் தெரியாமப் போச்சேண்ணே. நீங்க குடோனுக்குப் போங்க." அவன் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சால்வையோடு உட்கார்ந்திருந்தேன்.

கூட்டம் முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று மருமகளின் மேஜைக்குப் போனேன். "உங்களை நம்பித்தாண்ணே அவரை அனுப்புறேன். நீங்க ஒருத்தரே கவுன்டரைப் பாத்துக்குவீங்கன்னு மாமாவும் சொல்லிட்டாங்க" என்றார். பில் ரோல் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

வண்டி நிறுத்துமிடத்தில் அவன் நின்றிருந்தான்.

"நான் சொன்னதை உன் பேர்ல போட்டியா?"

"எனக்கும் அம்புட்டும் இருக்கு மாப்ள. எனக்குச் சொல்ல வராது. நீ சொல்லச் சொல்ல நம்ம கதையாவே இருந்துச்சு."

அவன் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். என் முன்னால் சத்தம் போட்டவர்களை எல்லாம் வாங்கிக்கொண்டவன் அவன். அது போகட்டும் என்றுகூட அந்த நிமிடம் தோன்றியது.

"சரி. என் பேர்ல எதுக்கு எல்லாம் நல்லாருக்குன்னு போட்ட?"

சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ரெண்டு பேரும் ஒண்ணுபோல இருந்தா யாரை அனுப்புவாக?" என்றான். பிறகு, "நீ தாங்கிக்குவ மாப்ள. யாரையும் எதுத்துப் பேச மாட்ட. ஒன்னால முடியும்" என்றான்.

என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். மனம் விட்டுப் பேச ஆள் இருக்கிறதா என்ற கேள்விக்கு என் பெயரில் எதைக் குறித்தான் என்று கேட்கவில்லை. அதற்கு நல்ல பதிலாகத்தான் போட்டிருப்பான்.

எனக்கு உடனே வண்டியை எடுக்க முடியவில்லை. வழக்கம்போல ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். காலி சிலிண்டர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த டெலிவரி ஆள் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னண்ணே, அவரு செஞ்சதை நீங்களும் செஞ்சு பாக்குறீகளா? உங்களுக்குத்தான் சால்வையே போட்டாச்சே!"

கேலியாகத்தான் சொன்னார், கெட்ட எண்ணம் இல்லை. நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன்.

மறுநாள் அவன் நேராகக் குடோனுக்குப் போய்விட்டான். பக்கத்து நாற்காலியை உள்ளே எடுத்துப் போட்டார்கள். லோடு தாமதமானதால் மதியம் வரை கவுன்டரில் கூட்டம் இருந்தது. சாயங்காலம் கேட்டைத் தாண்டி மேலூர் சாலைக்கு வந்த பிறகுதான் ஹெல்மெட்டை மாட்டினேன்; எங்கும் நிறுத்தாமல் வீட்டுக்குப் போனேன்.