அப்பா தைக்காத ஓட்டை

குறிகட்டுவானில் படகுக்குக் காத்து நின்றபோது, பக்கத்தில் காயப்போட்டிருந்த வலையின் மீன்வெடில் மூக்கில் ஏறியது. என் மகனோ கைப்பேசியில், வழக்கம்போலத் தோற்றுக்கொண்டிருந்த தன் அணியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டிருந்தான். "வேற நல்ல ரீம் ஒண்டைப் பாரன்" என்றால் முறைக்கிறான். இந்தப் பிடிவாதத்துக்கு யாரை நோவது? என் அப்பாவைத்தான்.

ஊர்காவற்றுறையில், இன்று தொலைபேசிக் கோபுரம் நிற்கும் மணல்வெளியில்தான் எங்கள் ஊர்ப் பெடியள் பின்னேரங்களில் பந்தடித்தார்கள். கோல் கம்பத்தில் கட்ட அப்பாவின் மீன்வலையை இரவல் கேட்பார்கள். அவரும் புறுபுறுத்தபடி கொண்டுபோய், எதிரணி காக்கும் கம்பத்தில் மட்டும் கட்டுவார், இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும்போது அவிழ்த்துக்கொண்டு மற்றப் பக்கம் ஓடுவார், வலையின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு நானும் பின்னால் ஓடவேண்டும், ஏனென்றால் எங்கள் பெடியள் ஒருநாளும் கோல் அடிக்கமாட்டார்கள், அங்கே கட்டினால் வலைக்குச் சேதமில்லை.

ஒருநாள் அடித்துத் தொலைத்தார்கள். பந்து வலையைக் கிழித்துக்கொண்டு பற்றைக்குள் போனது. கத்தப்போகிறார் என்று நான் நினைக்க, அப்பா சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடிப்போய் அடித்தவனைத் தோளில் தூக்கினார். அன்றும் தோல்விதான். ஆனால் அதன்பின் ஓர் ஆட்டத்தையும் அவர் தவறவிடவில்லை.

"இஞ்சேருங்கோ, பாதி மீன் அந்த ஓட்டைக்குள்ளால போகுது, ஒருக்காத் தையுங்கோவன்" என்று அம்மா கத்துவார்.

அப்பா அசையமாட்டார். "மற்ற ஓட்டையெல்லாம் தைக்கிறன். அது எங்கட பெடியள் அடிச்ச கோல். அதில கை வைக்க ஏலாது."