சங்கு ஊதினால் குழி

எங்கள் ஊர் நகராட்சிச் சங்கு மதியம் ஊதும்போது எல்லோருக்கும் பசி எடுக்கும். தறி ஓட்டுகிறவர்கள் சாப்பிடப் போவார்கள், கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்குவார்கள். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை அந்தச் சங்கு ஊதியதும், மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஓடிப்போய் வாசற்கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். கடைக்குக் கிளம்பிய அவள் அப்பா செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, அப்பா ஒரெட்டு போயிட்டு வந்தர்றேன், உடு."

"சங்கு ஊதிருச்சு. வெளிய போனா குழியில போட்டுருவாங்க. மிஸ் சொன்னாங்க."

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் லாரி ஓட்டுகிறவர். ஜவ்வரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வடக்கே போவார். போன வருடம் எல்லையில் சண்டை மூண்ட நாட்களில் அவருடைய வண்டி அந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் மாட்டிக்கொண்டது. நான் டிவியைப் பார்ப்பதும் போனைப் பார்ப்பதுமாக இருந்தேன். அவர் நல்லபடியாகத் திரும்பி வந்தார், தயிர்ச்சோறு சாப்பிட்டார், தூங்கினார். எனக்குத்தான் இன்னும் சரியாகவில்லை. தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுத்தான் எடுக்கிறேன். சண்டையைப் பற்றி மகளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. செய்தி வந்தால் சேனலை மாற்றிவிடுவேன். இப்போது பள்ளிக்கூடமே சொல்லிக்கொடுத்துவிட்டது. அந்த வாரம் வியாழக்கிழமை அவர் மறுபடி அதே பக்கம் லோடு கொண்டுபோக வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனேன், சண்டை போடத்தான். டீச்சர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், சின்ன வயது. நான் பாராட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

"பசங்கள நகராட்சி ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனேன் மேடம். மாடியில இருக்குற சங்கைக் காட்டினேன். தாத்தா காலத்துல பெரிய சண்டை நடந்தப்போ ப்ளேன் வந்துருமோன்னு பயந்து வெச்சதாம். ப்ளேனும் வரல, ஒண்ணும் வரல. சங்கு மட்டும் அப்படியே தங்கிருச்சு. புத்தகத்துல இருக்குற போர் இதுங்க மனசுல ஒட்டவே மாட்டேங்குது. தினமும் கேக்குற சத்தம்னா ஒட்டும்னு நெனச்சேன்."

"ஒட்டித்தானுங்க போச்சு. கதவத் தாள் போடறா."

டீச்சரின் முகம் மாறியது. அன்று பாடம் முடிந்ததும் பிள்ளைகள் வரைந்திருந்த படங்களை எடுத்துவந்து, என் மகளுடையதைத் தேடிக் கொடுத்தார். மூலையில் அவர் போட்ட ஸ்டார் இருந்தது. நீளமான ஒரு பள்ளம். அதற்குள் வரிசையாக ஆட்கள். எல்லோரும் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடியிருந்தார்கள். கழுத்தில் மஞ்சளாக ஏதோ சுற்றியிருந்தது. ஓரத்தில் ஒரு லாரி.

"இலை தழையப் போட்டு மறைஞ்சுக்கிறாங்கன்னு நெனச்சேன் மேடம். யோசிச்சு வரைஞ்சிருக்காளேன்னு..."

"இல தழ இல்லீங்க. செண்டுமல்லி மால."

தை மாதத்தில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். சங்கும் சேகண்டியுமாகப் பாடை போனதை இவள் மாடியிலிருந்து பார்த்தாள். எங்கே தூக்கிப் போகிறார்கள் என்று கேட்டாள். குழியில் வைக்க என்று சொன்னது நான்தான். அதை டீச்சரிடம் சொன்னேன்.

"நான் பதுங்கு குழின்னுதான் சொன்னேன். 'சங்கு ஊதினா எல்லாரும் பதுங்கு குழிக்குள்ள...'" பாதியில் நிறுத்தி டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பதுங்கு அவ காதுல உழுகலீங்க. குழி மட்டுந்தா உழுந்திருக்குது."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. படத்தில் இருந்த லாரியைப் பார்த்ததும் எனக்கு நின்றுவிட்டது. போன வருடம் அவள் அறைக்குள் விளையாடுவதாக நினைத்துக்கொண்டு நான் போனில் பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது.

அவர் வண்டி எல்லைப் பக்கம் மாட்டிக்கொண்டதை டீச்சரிடம் சொன்னேன். அப்படியென்றால் அவள் அப்பாவையே வந்து பிள்ளைகளிடம் பேசச் சொல்லுங்களேன் என்றார் டீச்சர். வேண்டாம் என்றேன். இதற்கு மேல் அவள் எதையும் கேட்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது அவர் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டார்.

"ஏனுங்க, புள்ள ஏற்கெனவே பயந்துகெடக்குது."

"அதனாலதாம்புள்ள போறேன். இல்லீன்னா வெசாலக்கெழம எப்புடி வெளிய போறது? பின்பக்கச் செவுரு ஏறிக் குதிச்சா?"

உண்மையில் அந்தத் தாழ்ப்பாள் எனக்குப் பிடித்திருந்தது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

புதன்கிழமை வகுப்பில் அவர் நாற்காலியில் உட்காராமல், பெஞ்சின் நுனியில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். நான் வாசலில் நின்றேன்.

"பெட்ரோல் பங்குக்குப் பக்கத்துல பள்ளம் வெட்டி வெச்சிருந்தாங்க. சங்கு ஊதுச்சு. லைட்ட அணைச்சுப்போட்டு எல்லாரும் அதுக்குள்ள எறங்கிக் குந்திக்கிட்டோம்."

"குண்டு போட்டாங்களா?"

"தூரத்துல சத்தம் கேட்டுச்சு. எங்க பக்கம் இல்ல."

"ஒண்ணுக்கு வந்தா?"

"எங்க கிளீனருக்கு வந்துச்சு. பாவம், அடக்கிக்கிட்டான்." வகுப்பே சிரித்தது. "அந்த நேரத்துலதான் ஊட்டுல இருந்து போன் வந்துச்சு. சாப்டுக்கிட்டிருக்கறேன்னு சொல்லி வெச்சுட்டேன்."

அந்த போன் எனக்கு ஞாபகம் இருக்கிறது. சாப்பிடுகிறார் என்று கேட்டதும்தான் நானும் அன்று சாப்பிட்டேன். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"மொதல்ல ஊதுற சங்கு ஏறி எறங்கி ஊளையிடும். உள்ள போங்கன்னு அர்த்தம். எல்லாம் சரியானதுக்கப்புறம் ஒரே நேரா ஊதும். அது வெளிய வாங்கன்னு. நம்மூரு சங்கு எப்புடி ஊதுது?"

பிள்ளைகள் ஆளுக்கொரு மாதிரி ஊதினார்கள். டீச்சர் மேசையைத் தட்டவேண்டியதாயிற்று. கடைசியில், நேராகத்தான் ஊதுகிறது என்று முடிவானது.

என் மகள் மட்டும் ஊதவில்லை. "குழிக்குள்ள போனவீங்க எல்லாரும் வெளிய வந்துட்டீங்களாப்பா?"

"வந்துட்டோஞ் சாமி."

"எண்ணிப் பாத்தீங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "எண்ணல கண்ணு. எண்ணியிருக்கோணும்."

வியாழக்கிழமை அவர் கிளம்பிக்கொண்டிருந்தபோது மதியச் சங்கு ஊதியது. மகள் கதவுக்கு ஓடினாள். அன்று பள்ளிக்கு அனுப்பாமல் அவளை வீட்டில் வைத்துக்கொண்டது நான்தான். தாழ்ப்பாளில் கை வைத்தபடி, தலையைச் சாய்த்துக் கேட்டாள். சத்தம் ஏறி இறங்குகிறதா என்று நானும் கேட்டேன். அது நேராகத்தான் போயிற்று. முழுக்க அடங்கிய பிறகு அவளே கதவைத் திறந்துவிட்டாள்.

"பள்ளத்துல எறங்குனா, வெளிய வந்தொடனே எண்ணிப்போட்டு போன் பண்ணுங்க," என்றாள்.

"சரிங்க சாமி."

"பள்ளத்துக்குள்ள இருந்தாலும் பண்ணுங்க," என்றேன் நான். "ஆனா சாப்டறேன்னு மட்டும் சொல்லாதீங்க."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே தலையாட்டினார்.